லீற்றருக்கு ஒன்பது

யூலை 5, சனி

சோளகக் காற்று விடியவே தொடங்கிவிட்டது. முற்றத்தில் காயப்போட்ட மல்லி பாதி வேலியோரம். பொறுக்க நேரமில்லை.

காலை முழுவதும் சந்திரனின் கராச்சில். ஜீப்புக்குப் புது ரயர் நான்கு, பழையதைவிட உயரம். சந்திரன் ரயரைத் தட்டிப் பார்த்து, "ரீச்சர், இனி உங்கடை மணலுக்கை இது ஒட்டகம்தான்" என்றான். ஒட்டகத்தில் சேலையோடு ஏறுவதுதான் பாடு. கால் வைக்க ஒரு படி போடக் கேட்க வேண்டும்.

இவர் கேற்றடியில் நின்று பார்த்தார். மத்தியானம் சோறு போட்டுக் குழம்பு விட்டபிறகு சொன்னார்.

"குடிகாரனுக்குப் புதுச் செருப்பு."

நான் ஜீப்பை வாங்கிய நாளிலிருந்து இவர் வைத்த பெயர் அதுதான். எங்கள் மூத்தவனின் வயது வண்டி, லீற்றர் டீசலுக்கு ஆறரைக் கிலோமீற்றர். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நெல்லியடியிலிருந்து என் பள்ளிக்கூடத்துக்குக் கடைசித் துண்டு முழுக்க மணல். வான் வண்டியில் போனால் இறங்கித் தள்ள வேண்டும். மாரியில் மணலுக்கு மேலே வெள்ளம். வேறு எது போகும்?

கேட்டேன். சண்டை வந்தது. முடிவை இங்கே எழுதி வைக்கிறேன், பிறகு நான் மாற்றிக் கதைக்காமல் இருக்க. இந்தத் தவணைக்குள் ஜீப் தார் வீதியில் லீற்றருக்கு ஒன்பது ஓட வேண்டும், இவர் பக்கத்தில் இருந்து பார்க்க. ஓடாவிட்டால் விற்பது. வவுனியாவில் இவருக்குத் தெரிந்த ஒருவர் வாங்கக் காத்திருக்கிறார். விற்றால் நான் ரவுணில், தார் வீதியோரப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றம் கேட்பது.

கோபத்தில் "ஓம்" என்று விட்டேன். ரயருக்கு முதல் என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கியிருக்க வேண்டும்.

யூலை 6, ஞாயிறு

காற்று. மல்லி முழுவதும் போயிற்று.

ஜீப்பில் கழற்றியவை: முன்னால் இருந்த இரும்புத் தடுப்பு (நெல்லியடியில் எந்த யானை வந்து இடிக்கப் போகிறது?). கூரைமேல் கரியர். கரியரில் நான்கு லைற், மூன்று எரியாது. பின்னால் முந்திய சொந்தக்காரன் பூட்டிய ஸ்பீக்கர் பெட்டி, ஒரு ஆள் பாரம். சீற்றுக்கு அடியில் சில்லு தூக்கும் ஜக் இரண்டு, செங்கல் ஒன்று, தேங்காய் ஒன்று. தேங்காய் முளைவிட்டிருந்தது.

தேங்காய் ஆரின்ரை என்று இவரிடம் கேட்டேன். கோயிலுக்குக் கொண்டுபோய் மறந்து திருப்பிக் கொண்டு வந்தது என்றார். ஆக, கோயிலுக்கு மட்டும் குடிகாரன் வேண்டும்.

பக்கத்து வீட்டு மணியக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. "என்ன ரீச்சர், ஜீப்புக்கு மொட்டை அடிச்சுப் போட்டியள்?"

"ஓமக்கா, நேர்த்திக்கடன்."

எயார் ஃபில்ரரைத் தட்டினேன். எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் பாதி அதற்குள் இருந்தது. புதிதாக ஒன்று போட்டாயிற்று. இடுப்பு நோவு. சித்தாலேபைத் தைலம் இல்லை, வேப்பெண்ணெய்.

யூலை 9, புதன்

மூன்று நாள் பள்ளிக்கூடம் ஓடி, எண்ணெய்ச் செட்டில் டீசல் நிரப்பிக் கணக்குப் பார்த்தேன்.

ஆறே ஆறு. குறைந்திருக்கிறது!

மொட்டையடித்து, பாரம் இறக்கி, புது ரயர் போட்டு, குறைந்திருக்கிறது. பின்னால் நின்ற ஓட்டோக்காரன் ஹோர்ண் அடிக்கும் வரை ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் மண்டையில் ஏறியது. திங்கள் காலை தார் முடிகிற இடத்தில், மணலில் புதையாமல் இருக்க, ரயரில் காற்று இறக்கினேன். திரும்ப அடித்தேனா? இல்லை. மூன்று நாளும் தார் வீதியில் அரைக் காற்று ரயரோடு உருண்டிருக்கிறேன். சப்பாத்தை நனைத்துப் போட்டுக்கொண்டு ஓட்டப் போட்டிக்குப் போனமாதிரி.

ஜீப்பில் செருகிக் காற்று அடிக்கிற சின்னப் பம்ப் ஒன்று வாங்கினேன். ஆட்டுக்குட்டி போலக் கத்துகிறது.

பதினோராம் ஆண்டில் ஏழு பிள்ளைகள். ஏழும் கடற்கரைப் பிள்ளைகள். போன வருடத்துப் பிள்ளைகள் எல்லாரும் கணிதத்தில் பாஸ், அந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் தடவை. ரவுணில் என்னைப்போல நூறு ரீச்சர்மார் இருப்பார்கள். அந்தக் கடற்கரையில் நான் ஒருத்திதான். நான் போகமாட்டேன். எழுதும்போதே கண் கலங்குகிறது, என்ன விசரோ தெரியவில்லை.

யூலை 12, சனி

பெரிய வெற்றி. முதலில் வெட்கம், பிறகு வெற்றி.

காலை ஜீப் ஸ்ராட் ஆகவில்லை. பற்றரி. இவரைத் தள்ளச் சொன்னேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். தள்ளினால், நகர்கிறது, ஆனால் மாடு இழுக்கிறமாதிரி. நியூற்றலில் இவ்வளவு பாரமா? நான் சாக்கை விரித்துப் பக்கவாட்டில் படுத்து அடியைப் பார்த்தேன்.

"என்னத்தைப் பாக்கிறீர்?"

"முன் தண்டு சுத்துதோ எண்டு. தள்ளுங்கோ."

"சுத்தினா?"

"சுத்தக் கூடாது."

சுற்றியது.

முன் சில்லு இரண்டின் நடுவிலும் ஒரு வட்டத் திருகி. மணலுக்குப் பூட்ட, தாருக்குத் திறக்க. பூட்டியிருந்தால் முன்பக்கத்துத் தண்டு, பல்லு எல்லாம் சும்மா இழுபட்டுச் சுற்றும், எஞ்சின் அதற்கும் சேர்த்துக் குடிக்கும். முந்திய சொந்தக்காரன் பூட்டியபடியே மேலால் பெயின்ற் அடித்து வைத்திருக்கிறான். நான் அதை வாங்கிய நாளிலிருந்து அலங்காரம் என்று நினைத்துச் சனிக்கிழமைகளில் துடைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

கத்தியால் பெயின்ற் சுரண்டி, குறட்டால் திருப்பினேன். ஒன்று உடனே. மற்றது அசையவில்லை. இவர் வந்து பிடித்தார், இரண்டு பேரும் சேர்ந்து, "டக்". திரும்ப ஒரு தள்ளுத் தள்ளினார். ஜீப் ஓடிப்போய் வாழைக்குள். ஒரு வாழைக்குட்டி முறிந்தது.

இவர் சிரித்தார். சிரித்ததை நான் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

யூலை 19, சனி

பரீட்சை.

நெல்லியடி செட்டில் டீசல் கழுத்து வரை. இவர் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற மனுசன், இம்மியும் விடமாட்டார். "நுரை அடங்கவேணும்" என்று ஜீப்பைப் பிடித்து ஆட்டினார். வேட்டியோடு. வரிசையில் நின்ற சனம் எல்லாம் பார்த்தது. ஒருவர் உதவிக்கு வந்து மற்றப் பக்கம் ஆட்டினார், என்ன ஏது என்று கேட்கவும் இல்லை.

கொடிகாமம், கண்டி வீதி, பரந்தன் வரை, திரும்பி அதே செட். போகும்போது காற்று முகத்தில். பிறேக்கை மிதிக்காமல், முந்துகிறவனுக்கு வழி விட்டு, மாட்டுக்கு வழி விட்டு, ஒரு கல்யாணக் காரைப்போல ஓட்டினேன். திரும்ப நிரப்பினோம். பத்தரை லீற்றர். மீற்றரில் எண்பத்தொன்பது கி.மீ.

எட்டரை. அதுவும் முழு எட்டரை இல்லை.

இவர் கெக்கலி கொட்டியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். கொட்டவில்லை. "ஆறரையிலையிருந்து எட்டரை பெரிய விசயம்தான்" என்றார், மெதுவாக. அதுதான் தாங்க முடியவில்லை. இரவு சாப்பிடும்போது கேட்டேன், உங்களுக்கு உண்மையில் டீசலா பிரச்சினை என்று.

சோற்றைப் பிசைந்தார். பிறகு, "போன மாரி வெள்ளத்துக்கை நீர் மாட்டி நிண்ட அண்டைக்கு, நான் கேற்றடியிலை நிண்டு நிண்டு கால் விறைச்சுப் போச்சு. போன் இல்லை, ஒண்டும் இல்லை. அது உமக்குத் தெரியாது" என்றார்.

தெரியாது. உண்மையாகவே தெரியாது. இருந்தாலும் எனக்குப் போக மனமில்லை.

வவுனியாக்காரர் அடுத்த சனி வருகிறாராம்.

யூலை 21, திங்கள்

கடவுளே.

ஒன்பதாம் ஆண்டு, மூன்றாம் பாடம். வட்டத்தின் பரிதி. கரும்பலகையில் வழக்கமான கணக்கு: சில்லின் விட்டம் இவ்வளவு, ஒரு கிலோமீற்றர் ஓட எத்தனை சுற்று. போட்டு முடித்து, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "சில்லு பெரிசெண்டா?"

வகுப்பே சேர்ந்து கத்தியது. "சுத்துக் குறையும் ரீச்சர்!"

வெண்கட்டி கையில் அப்படியே.

ஜீப்பின் மீற்றருக்குத் தூரம் தெரியாது. சுற்றைத்தான் எண்ணும். புது ரயர் பெரியது, சுற்றுக் குறைவு. மீற்றர் இன்னும் பழைய ரயர் என்று நினைத்துக்கொண்டு, ஓடிய தூரத்தைக் குறைத்துக் குறைத்துக் காட்டியிருக்கிறது! இருபத்தாறு வருடமாக இந்தக் கணக்கைப் படிப்பிக்கிறேன். இருபத்தாறு வருடம்! எனக்குச் சிரிப்பு வந்து நிறுத்த முடியவில்லை. பிள்ளைகளும் என்ன ஏதென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார்கள்.

மாலை இவரிடம்:

"இஞ்சாருங்கோ, மீற்றர் பொய் சொல்லுது."

"தோத்த ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவினம்."

"இது கணக்கு."

"உம்மடை கணக்கை நம்புவன். உம்மைத்தான் நம்பமாட்டன்."

சரி, என்னை நம்ப வேண்டாம். கண்டி வீதியோரம் கிலோமீற்றர் கட்டைகள் நிற்கின்றன. அரசாங்கம் நட்டது. கச்சேரி மனுசனுக்கு அரசாங்கக் கட்டையில் நம்பிக்கை இல்லாமல் போகுமா? சனி விடிய, ஆள் வர முதல், போய் எண்ணுவது என்று ஒத்துக்கொண்டார்.

யூலை 26, சனி

காற்று இல்லை. வானம் கழுவிவிட்டமாதிரி.

கொடிகாமம் தாண்டி முதல் கட்டையில் நின்று மீற்றரைப் பூச்சியமாக்கினேன். இவர் தலையை வெளியே விட்டு, ஒவ்வொரு கட்டைக்கும் விரல் மடித்தார். ஒரு கட்டையில் யாரோ மாட்டைக் கட்டியிருந்தார்கள். மாடு மறைத்து நின்றது, என்னை நிறுத்தி, இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எண்ணினார். மாடு இவரை முகர்ந்தது.

இயக்கச்சிக்குக் கிட்ட நிறுத்தினோம். கட்டைக் கணக்கில் இருபது கி.மீ. மீற்றரில் பதினெட்டரை.

"திருப்பும்" என்றார். திரும்பிப் போகும்போது மறுபடியும் எண்ணினார். அதே.

புளியமர நிழலில் போனை எடுத்து, அதில் கணக்குப் போட்டுப் பிரித்துப் பார்த்தார். அழித்துவிட்டுத் திரும்பப் பிரித்தார். அன்று ஓடியது எண்பத்தொன்பது இல்லை, தொண்ணூற்றாறு. பத்தரையால் பிரித்தால் ஒன்பதும் கொஞ்சமும். நான் எட்டிப் பார்த்தேன். இவர் வாய் திறக்க முதல் போன் அடித்தது. வவுனியாக்காரர், ரயிலில். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"அண்ணை, கிளிநொச்சி தாண்டீட்டன். கொடிகாமத்திலை இறங்கிறன். ஜீப்பைக் கழுவி வையுங்கோ."

இவர் என்னைப் பார்த்தார். நான் ஸ்ரியறிங்கைப் பார்த்தேன்.

"தம்பி, வாரும், மத்தியானம் சாப்பிட்டிட்டுப் போம். நண்டு வாங்கிறன். ஆனா ஜீப் விக்கிறேல்லை."

"என்னண்ணை! போன கிழமை விக்கிறதெண்டு சொன்னனீங்கள்?"

"போன கிழமை அது எட்டரை ஓடினது. லீற்றருக்கு ஒன்பது ஓடுற சாமானை ஆரும் விப்பினமோ?"

நான் கத்தினேன். உண்மையாகவே, நடுவீதியில், ஐம்பத்திரண்டு வயதில். எதிரே வந்த ஐஸ் லொறிக்காரன் விபத்தோ என்று நிறுத்தினான். இவர் அவனிடமும் சொன்னார்: "ஒன்பது, தம்பி. ஒன்பதும் கொஞ்சமும்."

ஜீப்பை வீட்டுப் பக்கம் திருப்பினேன். பிறகு, "மாரிக்கு முதல் நல்ல தடிச்ச கயிறு ஒண்டு வாங்கவேணும். முன்னுக்கு ஒரு கொழுக்கி, பின்னுக்கு ஒரு கொழுக்கி. சந்திரனிட்டை நான் சொல்லுறன்" என்றார். பிறகு, மணலுக்குப் போகமுதல் ஒரு போன் கோல், மணல் தாண்டினாப்போல ஒரு கோல், ஒவ்வொரு நாளும் எடுக்க வேண்டுமாம். எடுப்பேன்.

வவுனியாக்காரர் நன்றாகச் சாப்பிட்டார். போகும்போது ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். பாவம்.

யூலை 28, திங்கள்

திரும்பக் காற்று. காலை இரண்டு கோலும் எடுத்தேன்.

பள்ளிக்கூட அதிபர் அடுத்த தவணை நேரசூசியோடு வந்தார். "ரீச்சர், மாற்றம் எண்டு கேள்விப்பட்டன். பத்து, பதினொண்டு ரெண்டுக்கும் இப்போதைக்கு உங்கடை பேரைப் பென்சிலாலை போட்டு வைப்பமே?" என்று பென்சிலை நீட்டினார்.

பேனை தாருங்கோ சேர் என்றேன்.