குழாய்க்கு வெளியே இருந்த இரும்பு

நவம்பர் 3, 2006, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. கேம்ப் ரோட்டில் முழங்கால் தண்ணீர். பேன்ட்டை மடித்துக்கொண்டு கல்லூரிக்கு நடை.

பாக்கி: இரும்பு அடைத்த கார்பன் நுண்குழாய் மாதிரியை அமிலத்தில் கழுவி ஒருமுறை காந்தம் அளக்க. பிஎச்.டி. ஆய்வேடு பைண்டிங். ஷூ காயவைக்க.

சுமதி போனில்: "முப்பதாம் தேதிக்குள்ள குடுத்துருவீங்கல்ல? வீடு பாத்து வெச்சிருக்கேன்."

கல்யாணமாகி ஒன்றரை வருடம். அவள் கோவையில், வங்கி வேலை. நான் சென்னை சேலையூரில் ஒற்றை அறை. கோவையில் ஒரு கல்லூரியில் எனக்கும் வேலை தயார். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வந்தால் போதும்.

நவ. 4, சனி

கழுவினேன். பத்தே நிமிடத்தில் அமிலம் மஞ்சள். லேப் அட்டெண்டர் ரஹீம் பாய் எட்டிப் பார்த்து, "இன்னா சார், ஜூஸ் மாதிரி கீது?"

இரும்பு கரைகிறது. கார்பன் குழாய்க்குள் இருக்கும் இரும்பை அமிலம் தொடாது, சுவர் காக்கும். அப்படியானால் இது வெளியே ஒட்டியிருந்தது. இவ்வளவா?

நவ. 6, திங்கள்

அளந்தாயிற்று. அகன்ற வளையமாக இருந்த காந்த வரைபடம் கோடு மாதிரி படுத்துவிட்டது. நுண்குழாய்க்குள் கம்பிபோல அடைபட்ட இரும்பு காந்தத்தை எளிதில் விடாது என்று மூன்று அத்தியாயம் எழுதியிருக்கிறேன். எல்லாம் வெளித் துகள்களின் காந்தம். நிரம்பிய குழாய் என்று மைக்ரோஸ்கோப்பில் அகப்பட்டது ஒன்றே ஒன்று. அதன் படத்தைத்தான் முகப்பில் ஒட்டியிருக்கிறேன்.

கைடிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "கழுவாத டேட்டாவும் நெஜம்தானேப்பா. எக்ஸாமினர் கேக்கப் போறதில்ல. நீயே முடிவு பண்ணு."

மத்தியானம் சாப்பிடப் போனேன். கேன்டீன் முழுக்க கூட்டம். சொல்ல ஒருத்தர் இல்லை.

நவ. 9, வியாழன்

இரும்பு வெளியேதான் இருந்தது, ஆய்வேட்டை இப்போது தரவில்லை என்று சாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று அத்தியாயமும் திரும்பச் செய்ய வேண்டும். குறைந்தது ஆறு மாதம். கோவை வேலை போனது போனதுதான்.

சுமதியிடம் சொன்னேன்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"சாருக்கு மட்டும்தான்."

"அப்புறம் ஏன்?"

"உள்ளே இல்லையே சுமதி."



"என்கிட்ட சொல்லாம தீசிஸக் குடுத்திருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்காது," என்றாள். வைத்துவிட்டாள்.

நவ. 15, புதன்

உலையில் மறுபடி. இந்த முறை இரும்புச் சேர்மத்தின் ஆவியை மெதுவாக விட்டேன்.

இன்று பேசியது மொத்தம்: கண்டக்டரிடம், "தாம்பரம் ஒண்ணு." ரஹீம் பாயிடம், "ஆர்கான் கேஸ் தீந்துடுச்சு." ஆறு நாளாகக் கோவையிலிருந்து போன் இல்லை. நானும் பண்ணவில்லை. பயம்.

நவ. 28, செவ்வாய்

கழுவிய புது மாதிரி மைக்ரோஸ்கோப்பில். பாதிக்குப் பாதி குழாய்கள் நிரம்பியிருக்கின்றன. நடுவில் கறுப்புக் கம்பி, இரண்டு பக்கமும் சுவர். வளையம் பழையதைவிடச் சின்னதுதான். ஆனால் கழுவிய பிறகும் நிற்கிறது. சார் பார்த்துவிட்டு, "இத வெச்சு ஆரம்பி."

சுமதிக்குப் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தாள். புது மாதிரி வந்ததைச் சொன்னேன்.

"உள்ளேதானே?"

"உள்ளேதான்."

"ஞாயித்துக்கிழமை வர்றேன். சாயந்தரமே திரும்பணும்."

அறையில் தலையணை ஒன்றுதான் இருக்கிறது.