நின்ன நேரம்

தர்ஷி அப்பாவுக்கு,

நீங்கள் காட்டிலிருந்து வருவதற்குள் மில்லுக்குக் கிளம்பிவிட்டேன். கம்மங்கூழ் கரைத்து மூடி வைத்திருக்கிறேன். மோர்மிளகாய் பக்கத்திலேயே இருக்கிறது. ராத்திரி தண்ணீர் வராத போர்வெல் பேச்சு வந்ததும், "இம்புட்டு ஆழம் போயாச்சு, இனி எப்பிடி விடுறது?" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டீர்கள். இப்போதாவது வயிறாரக் குடியுங்கள்.

இன்னும் நூறடி இறக்கவா என்று கேட்டு, பத்து மணிக்குப் போர் வண்டிக்காரர் போன் செய்வார். அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் சண்டைக்கு வரவில்லை.

போன வாரம் தர்ஷி டவுன் பஸ்ஸுக்காக வெகுநேரம் நின்றாள். முன்னால் வந்த ஷேர் ஆட்டோவையும் விட்டுவிட்டுப் பரீட்சைக்குத் தாமதமாகப் போனாள். "இம்புட்டு நேரம் நின்னுட்டேன்ல, எப்பிடிப்பா விடுறது?" என்று அழுதவளிடம் நீங்கள்தான் சொன்னீர்கள்: "நின்ன நேரம் போச்சு தாயி. பஸ்ஸுல ஏறுனாலும் அது திரும்ப வராது, ஆட்டோல ஏறுனாலும் வராது. இனிமே எது சீக்கிரம் போவும்னு மட்டும் பாரு."

அன்றைக்கு உங்கள்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் வந்தது தெரியுமா?

இன்று தலை பின்னும்போது கேட்கிறாள்: "நம்ம போர்ல வெறும் பாறைப் புழுதிதானம்மா வருது, அப்புறம் ஏன் அப்பா அதே குழியத் தோண்டச் சொல்றாக?"

"சாயங்காலம் அப்பாகிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டேன்.

தங்கமாரி

சாவியை வழக்கமான இடத்தில் வையுங்கள்.

சொல்ல மறந்துவிட்டேன். நேற்றும் பஸ் வரவில்லையாம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிள்ளை ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாளாம்.