கோடு போட்டுத் தள்ளிய அறுபத்து நான்கு தாள்கள்

அன்பு மகன் பெரியவனுக்கு அம்மா எழுதுவது. கடவுள் கிருபையால் அப்பா, சின்னவள், நான் மூவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உன் சுகத்தைக் கடவுளிடம்தான் தினமும் விசாரிக்கிறேன், உன்னிடம் விசாரித்தால் இரண்டு நிமிடத்தில் போனை வைத்துவிடுகிறாய்.

எனக்கு எதையும் வரிசையாகச் சொன்னால்தான் வரும், அதனால் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியை, பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனநல டாக்டரம்மா, விளையாட்டு வாத்தியார், மருந்துக்கடைக்காரர், எதிர்வீட்டு வங்கிக்காரர், மூலைவீட்டுத் தையல்காரி, பெற்றோர் சங்கத்துக்குக் கணக்கு எழுதுகிற நான். மொத்தம் ஏழு பேர், போட்டிருந்தது நாற்பது நாற்காலி. தையல்காரியின் மகள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டு அன்றோடு முப்பத்தெட்டு நாள். சின்னவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பெண். நம் வீட்டுக்கு வந்தால் செருப்பை ஜோடி பிசகாமல் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவாள், அவ்வளவுதான் அவளைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது. டாக்டரம்மா சொன்னார், இந்தப் பள்ளிப் பிள்ளைகளின் மனதை எது அரிக்கிறது என்று பிள்ளைகளிடமே கேட்டு ஆராய வேண்டும், வழி நான் காட்டுகிறேன், முன்னால் நின்று நடத்த உங்களில் ஒருவர் வேண்டும் என்று. அத்தனை பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். வங்கிக்காரர் தனக்கு ஆடிட் நேரம் என்றார், அவருக்கு வருஷம் முழுக்க ஆடிட்தான். நான் பொறுப்பெடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு குரல் கேட்டது, அது என்னுடையது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

வீட்டில் அப்பா விடவில்லை. "எட்டாவதோட நின்னவ ஆராய்ச்சிக்குத் தலைவியாம், இனிமே சோறு கேக்கணும்னாலும் மனு போடணுமோ" என்று இரண்டு நாள் ஓட்டினார். கேள்விகள் முடிவானதும் அவரே போய் இருநூற்றிருபது தாள் ஜெராக்ஸ் எடுத்து வந்து மேஜையில் வைத்தார். நீ படித்து முடித்த புத்தகங்களை உனக்குப் பின்னால் ஒவ்வொன்றாகப் படித்து நான் தேற்றிக்கொண்ட எழுத்துதானே, அதை வைத்து இருபத்திரண்டு கேள்வி எழுதினேன். சின்னவள் பார்த்துவிட்டு, "ஏம்மா, மன உளைச்சல் உண்டா இல்லையா, காரணம் கூறுகன்னு கேட்டா யாரு எழுதுவா, அஞ்சு மார்க் கேள்வி மாதிரியே இருக்கு" என்று சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன், ரொம்ப நாளாயிற்று. அவளும் டாக்டரம்மாவும் அடித்துத் திருத்தி ஏழு கேள்வியாக்கினார்கள். பிள்ளைகள் கூச்சமில்லாமல் எழுதட்டும் என்று பெயர் கேட்கவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு தாள் திரும்பி வந்தது. நான் நோட்டில் கட்டம் போட்டு ஏற்றினேன். தூக்கமில்லை என்றவர்கள் இத்தனை, வீட்டுச் சண்டை இத்தனை, பரீட்சைப் பயம் இத்தனை, பசிக்கவே இல்லை என்றவர்கள் இத்தனை. கடைசிக் கேள்வி, உன்னை வாட்டுவது என்ன என்பது. அதற்கு அறுபத்து நான்கு பேர் ஒண்ணுமில்ல என்று எழுதியிருந்தார்கள். இல்லை என்றால் இல்லைதானே, செலவில்லாத நாளுக்குப் போடுவது போல ஒரு சிறு கோடு போட்டுத் தள்ளிவிட்டு, இந்த மட்டும் அறுபத்து நான்கு பிள்ளைகளைக் கஷ்டமில்லாமல் வைத்தாயே என்று கடவுளுக்கு நன்றியும் சொன்னேன். கூட்டிப் பார்க்கத் தையல்காரி துணைக்கு வந்தாள். கோடு எதற்கென்று கேட்டுத் தெரிந்துகொண்டவள் அந்தக் கோடுகள் மேல் விரலை வைத்துக்கொண்டு, "அக்கா, இது என் பொண்ணு சொன்ன பதிலாச்சே" என்றாள். "ஏன்டி சாப்பிடலன்னேன், ஒண்ணுமில்லம்மான்னா. சரின்னு நானும் மெஷின்ல உக்காந்துட்டேன். நீங்களும் தள்ளிட்டீங்களேக்கா" என்றாள். அழவில்லை. நான்தான் எழுந்து போய்ச் சமையலறையில் நின்றேன்.

டாக்டரம்மாவிடம் ஓடினேன். அறுபத்து நான்கு பேருமே ஆபத்தில் இருப்பதாக நினைத்துப் பதற வேண்டாம், பலருக்கு நிஜமாகவே ஒன்றும் இருக்காது, ஆனால் யாருக்கு இருக்கிறது என்று தெரியாமல் விடக் கூடாது என்றார். தெரிந்துகொள்ள வழி எங்கே, பெயர்தான் இல்லையே. அதனால் இப்போது பிள்ளைகள் எல்லாரிடமும் தனித்தனியாக உட்காருகிறோம், டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி, நானும் தையல்காரியும் விளையாட்டு வாத்தியாரும். இதுவரை முப்பத்தொரு பேர் முடிந்திருக்கிறது. என்ன ஆச்சு என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறேன், அவர்களும் கை வைக்கிறார்கள். போன வாரம் ஒரு பெண் ஒரு கிண்ணம் நிறைய உரித்த பிறகுதான் வாய் திறந்தாள், சொன்னதை எழுத எனக்கு அனுமதியில்லை. அன்றே அவள் தாயை வரவழைத்து டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். இப்படியே போனால் முடிக்க எத்தனை மாதமோ, அதற்குள் இன்னொரு வீட்டில் ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்ற பயத்தோடுதான் தினமும் கண் விழிக்கிறேன்.

ஊரார் பிள்ளைகளுக்காக ஓடுகிறாள் என்று தெருவில் என்னை மெச்சுகிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அன்றைக்குக் கூட்டத்தில் நான் வாய் திறந்தபோது நினைத்தது உன்னைத்தான். மூன்று மாதமாக உன் குரல் சரியில்லை, நானும் அந்தத் தாயைப் போலவே சரி என்று வைத்துக்கொண்டேன். இப்போது உன்னோடு தங்கியிருக்கும் அறைக்காரப் பிள்ளை சின்னவளிடம் சொல்லியிருக்கிறான், பதினோரு நாளாக நீ வேலைக்குப் போகவில்லையாம், விளக்கைப் போடவிடாமல் படுத்தே இருக்கிறாயாம். அவனைக் கோபித்துக்கொள்ளாதே, அவன் செய்தது நல்லது. வேலை போனால் போகட்டும் கண்ணா. அப்பாவும் இதையேதான் சொன்னார், சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஊரில் பார்க்க வேண்டிய டாக்டரின் முகவரியை நம் டாக்டரம்மாவிடம் வாங்கித் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. நான் வர வேண்டுமென்றால் ஒரு வார்த்தை போதும், மறுநாளே வண்டி ஏறுவேன், மீதிப் பிள்ளைகளைத் தையல்காரி பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள். உயிர்மேலேயே வெறுப்பு வருகிற மாதிரி நினைப்பு எட்டிப் பார்த்தால் கடிதத்துக்கெல்லாம் காத்திருக்காதே, எந்த நேரமானாலும் போன் செய், அறைக்காரப் பிள்ளையைத் தட்டி எழுப்பு. எனக்குப் படிப்பு குறைவுதான், ஆனாலும் நீ சொல்வது எதையும் தாங்கிக்கொள்வேன்.

கடவுள் உன் தலைமாட்டிலேயே இருக்கட்டும். வேளாவேளைக்கு ஒரு வாயாவது சாப்பிடு, காலையில் ஜன்னலைத் திற. எப்படி இருக்கிறாய் என்று உள்ளது உள்ளபடி எழுது, கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. பதிலைச் சீக்கிரம் போடு.

உன் அம்மா