வலக்கை நீர்

நாள் 61, காலை
சனியின் நிலவு என்செலடஸ், பனிக்கு அடியில் கீழறை. எழுதுவது பொற்கொடி, வேதியியல். மேலே தளத்தில் இக்பால். இந்த நிலவில் நாங்கள் இருவர்தான்.

தரைப் பிளவில் கசியும் நீரிலிருந்து அலனின் என்ற அமினோ அமிலத்தைப் பிரித்து ஆவியாக்கி, வட்டமாகச் சுழலும் லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறேன். மூலக்கூறிலிருந்து எலக்ட்ரான் பிய்த்துக்கொண்டு பறக்கும். இடக்கையும் வலக்கையும் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இரு வடிவம் அதற்கு. இடக்கை மூலக்கூறு என்றால் எலக்ட்ரான்கள் ஒரு பக்கம் அதிகம் சாயும், வலக்கை என்றால் எதிர்ப்பக்கம். இரண்டும் சமமாகக் கலந்திருந்தால் சாய்வே இருக்காது. ஒரே கை மட்டும் இருந்தால், பெரும்பாலும் உயிரின் வேலை.

பூமியிலிருந்து கொண்டுவந்த அலனினில் கருவியைச் சரிபார்த்தேன். இடக்கை. சரி. காபிப்பொடி தீர்ந்துவிட்டது.

நாள் 61, மாலை
கசிவு நீர், இடச்சுழல் ஒளி. எலக்ட்ரான்கள் பூமி அலனினுக்கு நேர் எதிராகச் சாய்கின்றன. ஆனால் மதியம் அறை ஒருமுறை குலுங்கியது. கருவி கோணலாகியிருக்கலாம். வலச்சுழல் ஒளியில் சாய்வு திரும்பினால்தான் நம்புவேன்.

நாள் 62, காலை
பனி நகர்ந்துவிட்டது. மேலே தளத்துக்கு ஏறும் குழாய் நசுங்கி மூடிக்கொண்டது. மின்கம்பி அறுந்தது. மேலே பேச, தனி பேட்டரியில் ஓடும் வானொலி மட்டும் இருக்கிறது.

இக்பால்: "அக்கா, அடி ஏதும் படலையே? வெந்நீர்த் துளைக்கருவியை இறக்குறேன். நாளைக்கு வந்துருவேன். ஹீட்டரைத் தவிர எதையும் போடாதீங்க."

அறையின் பேட்டரி அதற்குத்தான் போதும். கதவைத் திறந்தால் பனி. மூச்சு சுவரில் உறைகிறது.

நாள் 62, மாலை
அவன் துளைத்து வந்தால் வெந்நீரும் எங்கள் அழுக்கும் பிளவுக்குள் இறங்கும். அதன்பின் எந்த அளவீடும் செல்லாது. லேசரைப் போடப்போகிறேன் என்று சொன்னேன்.

"பைத்தியமாக்கா உங்களுக்கு? விறைச்சுப் போயிருவீங்க!"

"கொஞ்ச நேரம்தான்டா."

ஹீட்டரை அணைத்தேன்.

நாள் 63
சாய்வு திரும்பியது. முழுதாக. கருவியின் கோணல் இல்லை. என் மூச்சோ தோலோ கலந்ததும் இல்லை, நம்முடையது இடக்கை. இது அத்தனையும் வலக்கை.

இந்தத் தரைக்குக் கீழே ஏதோ உயிரோடு இருக்கிறது.

விரல் மடங்கவில்லை. அறையின் பேட்டரி முடிந்தது.

நாள் 63, பிறகு
தலைக்கு மேலே துளைக்கருவியின் இரைச்சல். எண்களை இக்பாலுக்குப் படித்தேன்.

"அக்கா… வெந்நீர் இறங்குனா அது செத்துரும்ல?"

"சாகும்."

"நிறுத்தணுமா? நீங்களே சொல்லுங்க. என்னால முடியாது."

பிளவை மூட முயன்றேன். அறையின் குறுக்கே ஓடுகிறது, மூட ஒன்றுமில்லை. கண்டுபிடித்தவள் நான். அது என்னவென்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

வா என்றேன். சீக்கிரம் வாடா என்று கத்தினேன்.

கூரை உடைந்தது. வெந்நீர் தாரையாக. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறேன், கழுத்தில் தொங்கும் பதிவுக் கருவி பேச்சை எழுதிக்கொள்கிறது. என் கை வழியாகத்தான் பிளவுக்குள் போகிறது. சூடு. கையை எடுக்க மனமில்லை. சூடாக இருக்கிறது.