ஆபரேஷன் தியேட்டரில் என் குரல்

ஜூலை 22, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வியாழக்கிழமை என் மனைவி சரோஜாவுக்குக் கண்புரை ஆபரேஷன். ஏற்கெனவே இரண்டு தடவை பயத்தில் பி.பி. ஏறி, திருப்பி அனுப்பிவிட்டார்கள். முழித்துக்கொண்டே ஆடாமல் படுக்க வேண்டுமாம். இந்தத் தடவையும் ஏறினால் மூன்று மாதம் தள்ளிப்போகும். கண் மங்கி, நேற்று ரசத்தில் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டுவிட்டாள். இரண்டு டம்ளர் குடித்தேன்.

பிடித்த பாட்டு கொண்டுவந்தால் தியேட்டரில் போடலாம், மனசு அடங்கும் என்றார் டாக்டரம்மா. நான் சொல்ல இருந்ததுதான். முந்திக்கொண்டார்.

ஜூலை 23, புதன்
வாங்க: சொட்டு மருந்து, ரஸ்க், சார்ஜர்.

பாட்டு விஷயத்தில் எங்கள் ஒக்கலிபுரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. அம்மன் பாட்டாகப் பன்னிரண்டு பொறுக்கினேன். உடுக்கை தூள். கட்டிலில் படுக்கவைத்து ஒத்திகை. மூன்றாவது பாட்டில் தலை ஆடியது. நான்காவதில் சாமி வந்துவிட்டது. கட்டில் பத்தடி நகர்ந்தது (சரி, ஒரு முழம்). எதிர்வீட்டு மேரி அக்காதான் ஓடிவந்து திருநீறு பூசியது. கண்ணில் கத்தி வைக்கும்போது இப்படி ஆடினால்? பன்னிரண்டையும் அழித்தேன்.

சினிமாப் பாட்டுக்கு அழுகிறாள். புல்லாங்குழல், சாவு வீடு மாதிரி இருக்கிறதாம்.

முடிவு: என் குரல். அவள் கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றி நானே கட்டிய பாட்டு. குளியலறையில் உட்கார்ந்து இருபது நிமிடம் பதிவு. அவள் கோயில் பஜனையில் முதல் குரல். இருக்கட்டுமே.

ஜூலை 24, வியாழன்
பி.பி. ஏறித்தான் இருந்தது. நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். போனை சரோஜா காதில் வைத்தேன். நெற்றி சுருங்கியது. விரல் மடங்கி மடங்கி நீண்டது. கால் மணி நேரத்தில் பி.பி. இறங்கிவிட்டது! போனோடு உள்ளே கொண்டுபோனார்கள்.

கதவு வழியாக என் குரல். நாற்பது பேர் நின்று கேட்டார்கள் (எட்டு). டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். டம்ளர்தான் கோணல்.

ஜெயம். டாக்டரம்மாவே வெளியே வந்தார். “சிலை மாதிரி படுத்திருந்தாங்க. என்ன பண்ணீங்க அங்கிள்?”

சரோஜா சொன்னது: “பதினேழு எடத்துல சுருதி போச்சு. எண்ணிக்கினே இருந்தேன், அதுக்குள்ள முடிச்சிட்டாங்க.”

ஜூலை 25, ஆடி வெள்ளி
வெயில். கட்டு அவிழ்த்தார்கள். முதலில் என்னைத்தான் பார்த்தாள். “மீசைக்கு மட்டும்தான் டையா? காதோரம் வெள்ளையா நிக்குது.”

அவ்வளவு துல்லியம்! பாட்டின் பலன்.

அடுத்த கண் அடுத்த மாதம். சுருதிப் பெட்டி வைத்து, பிசகில்லாமல் புதிதாகப் பதிகிறேன் என்றேன்.

“வேணாங்க. அதே பாட்டு இருக்கட்டும். ஒரு தப்பையும் திருத்திடாதீங்க.”