கஸ்டம்ஸைத் தாண்டி ஆலியைக் கூட்டிப் போவது

அன்பு மகன் ரெக்ஸுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம், ஆலியும் ஒரு காது நீங்கலாகச் சுகம். அந்த ஆன்ட்வெர்ப் குளிரில் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் செபமாலை சொல்லும்போது வேண்டிக்கொள்கிறேன், நீயும் காதை மூடுகிற குல்லா போட்டுக்கொண்டு வேலைக்குப் போ. நேற்று நீ போனில் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன் என்று கோபப்படாதே. போனில் பேசினால் பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்பாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டு ஏஞ்சலின் இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள், ஒரு வரி விடாமல் படி.

நீ சொன்னது இதுதானே, ஆலிக்குக் காது கிழிந்துவிட்டது, வயதான காலத்தில் நீங்கள் ரெண்டு பேரும் தெருநாய்களோடு மல்லுக்கட்ட வேண்டாம், மதுரையில் உன் கூட்டாளி சிவப்பிரகாஷ் வீட்டில் பெரிய காம்பவுண்டு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அவன் காரில் வந்து ஆலியைக் கூட்டிப் போகட்டும், இனி அங்கேயே இருக்கட்டும் என்று. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறாய். ஆனால் காது எப்படிக் கிழிந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது, உன் அப்பா வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

சப்பை மூக்கு நாயை விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் என்று நீ இவனை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாய் அல்லவா, கோளாறு அங்கேதான் ஆரம்பம். நீ வைத்த பேர் ஆலி. உன் அப்பா வாயில் அது ஆலே ஆகி, கொஞ்ச நாளில் ஏலே ஆகிவிட்டது. இவனும் அதுதான் தன் பேர் என்று எடுத்துக்கொண்டான். தூத்துக்குடியில் ஏலே என்று பேர் உள்ள நாய் எப்படித் தெருவில் நடக்கும், நீயே சொல். ஆட்டோக்காரர் இன்னொரு ஆட்டோக்காரரை ஏலே என்கிறார், இவன் ஆட்டோவில் ஏறி உட்காருகிறான். மாடி வீட்டில் ஒருத்தர் மகனை ஏலே எந்திலே என்று எழுப்புகிறார், இவன் அந்த வீட்டு வாசலில் நின்று வாலை ஆட்டுகிறான். மூலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற தேவகனி அண்ணாச்சி கடை ஆட்களை நாள் முழுக்க ஏலே போட்டுத்தான் கூப்பிடுவார், அந்தக் கடையைத் தாண்டுவதற்குள் எங்களுக்கு வெயில் ஏறிவிடும்.

அந்தக் கடைக்கு எதிரில்தான் கஸ்டம்ஸ் படுத்திருப்பான். செவலை நாய், நம் தெருவுக்கு அவன்தான் ரவுடி. போகிற வருகிறவர்கள் பையையெல்லாம் மோந்து பார்த்துவிட்டுத்தான் விடுவான், அதனால் துறைமுகத்து ஆட்கள் வைத்த பேர். மனுஷர்களை ஒன்றும் செய்ய மாட்டான், கழுத்தில் பெல்ட் போட்ட நாயைக் கண்டால் மட்டும் அவனுக்கு ஆகாது. நீ அனுப்பின வீடியோவில் அந்த வெள்ளைக்கார அம்மா, நாய் பாய்ந்து வந்தால் ஓடாதே, குடையைப் படாரென்று விரி, பயந்துவிடும் என்கிறாள். அவள் ஊரில் காற்றே அடிக்காது போல. நம் கடற்கரைக் காற்றில் உன் அப்பா குடையை விரித்தார், அது அவரையும் இழுத்துக்கொண்டு போய் அண்ணாச்சி கடை வாழைத்தாரில் குத்தி நின்றது. கஸ்டம்ஸ் எழுந்திருக்கக்கூட இல்லை, படுத்தபடியே வேடிக்கை பார்த்தான். சரி, சிநேகம் பிடிப்போம் என்று நான் அவனுக்கு மக்ரூன் வாங்கிப் போட்டேன். வெளியூர்க்காரர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் போகிற மக்ரூன், அவனுக்கு மட்டும் கசக்குமா. மாப்பிள்ளையூரணி வரைக்கும் சொல்லி அனுப்பிவிட்டான் போல, மறுநாள் சொந்தபந்தத்தோடு நம் வாசலில் உட்கார்ந்திருந்தான். மக்ரூன் இல்லை என்றதும் என்னைப் பார்த்தே உறுமினான், நன்றி கெட்டவன்.

அதன் பிறகு உன் அப்பா பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். துறைமுகத்துக்குள் வருகிற கப்பலை இழுத்துத் தள்ளி நிறுத்துகிற டக் படகில் காலமெல்லாம் வேலை பார்த்த மனுஷன் அல்லவா, அம்மாம் பெரிய கப்பலையே முன்னால் ஒரு டக் பின்னால் ஒரு டக் போட்டுக் கொண்டுவந்தவன், இவனைக் கொண்டுபோக முடியாதா என்றார். முன்னால் அவர், நடுவில் ஆலி, பின்னால் நான். திருப்பம் வந்தால் கையைத் தூக்கி டெட் ஸ்லோ என்பார், நான் பெல்ட்டை இழுத்துப் பிடிக்க வேண்டும். எதிரே நாய் தெரிந்தால் விசில். பூசை முடிந்து வருகிறவர்களெல்லாம் நின்று பார்ப்பார்கள், பங்குச் சாமியார் ஒருநாள் ஏதோ சப்பரம் வருகிறது என்று ஒதுங்கியே நின்றுவிட்டார். எனக்கு மானம் போனது, ஆனால் உள்ளதைச் சொன்னால் அப்படிப் போன முதல் கொஞ்ச நாள் ஒரு நாயும் கிட்டே வரவில்லை.

காது போன அன்று கஸ்டம்ஸ் பின்பக்கமாக வந்தான். உன் அப்பா திரும்பிப் பார்த்துக் கம்பை ஓங்கி, ஏலே போலே அங்கன என்று ஒரு சத்தம் போட்டார். அது கஸ்டம்ஸுக்குச் சொன்னது. ஆனால் நம் வீட்டில் ஏலே யார்? சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை, பெல்ட்டை என் கையிலிருந்து உருவிக்கொண்டு, வாலை ஆட்டியபடி நேரே கஸ்டம்ஸ் வாய்க்குள்ளேயே போனான். கால்நடை ஆஸ்பத்திரியில் தையல் போட்டு ஊசியெல்லாம் போட்டாயிற்று, அதைப் பற்றிக் கவலைப்படாதே. அங்கே டாக்டர் நாயைப் பார்த்ததைவிட உன் அப்பாவைத்தான் அதிகம் பார்த்தார். ஏளா, நாந்தானளா அவனப் போவச் சொன்னேன் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு உன் அப்பா அழுதார், ரெக்ஸ். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அதிலிருந்து மனுஷன் எந்த நாயையும் ஏலே போட்டு விரட்டுவதில்லை, ஒரே மரியாதை. அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளிப் போங்க என்று கஸ்டம்ஸைக் கும்பிடாத குறைதான். கடைக்குள் இருந்த தேவகனி அண்ணாச்சி தன்னைத்தான் சொல்கிறார் என்று பாவம் எழுந்து எழுந்து தள்ளி நின்றிருக்கிறார். யாருக்குச் சொல்கிறார் என்று விளங்கியதும், உன் அப்பாவைப் பார்த்து, ஏன்வே ரோச், நாயும் நானும் ஒண்ணாவே என்று கேட்டுவிட்டு எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டார். நான் தேங்காய் கேட்டுப் போனால் இல்லை என்கிறார், மூட்டை என் கண்ணெதிரே இருக்கிறது.

நேற்றுக் காலை, நீ போன் பண்ணுவதற்கு முன்னால், அதே இடத்தில் கஸ்டம்ஸ் தன் கூட்டத்தோடு முன்னும் பின்னும் மறித்துவிட்டான். உன் அப்பா அண்ணாச்சி என்றார், ஐயா என்றார், சாமி என்றும் சொல்லிப் பார்த்தார், ஒன்றும் எடுபடவில்லை. நான் பெல்ட்டை விட்டுவிட்டு சேசுவே என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது கடைக்குள்ளிருந்து தேவகனி அண்ணாச்சி, எங்கள் முகத்தில் முழிக்காத மனுஷன், ஏலே, இங்கன வாலே என்று ஒரு அதட்டு அதட்டினார் பார். தெருவில் நின்ற ஆம்பளைகள் பாதிப் பேர் கடையைப் பார்த்து நடந்தார்கள். ஆலி அந்த நாய்களின் காலுக்கடியில் புகுந்து ஓடிப்போய்க் கல்லாவுக்குக் கீழே படுத்துவிட்டான், அண்ணாச்சி ஷட்டரை இழுத்து இறக்கிவிட்டார். நல்ல வியாபார நேரம், எண்ணெய் வாங்க வந்த ரெண்டு பெண்களையும் உள்ளே வைத்தே பூட்டினார். கூட்டம் கலைந்ததும் ஆலி வாயெல்லாம் கருப்பட்டியோடு வெளியே வந்தான். பேரு நல்லாத்தான் வச்சிருக்கீரு, கூப்பிட்ட உடனே வாரானே என்று அண்ணாச்சி சிரித்தார், தேங்காயும் கொடுத்தார். இனி நாங்கள் போகிற நேரத்தில் கஸ்டம்ஸுக்கும் அவன் ஆட்களுக்கும் கடைக்குப் பின்னால் சோறு வைத்துவிடுகிறேன் என்று சொன்னார், சொன்னபடி இன்று வைத்தார். நாங்கள் முன்னால் போய்வந்தோம், ஒரு சத்தமில்லை.

அதனால் சிவப்பிரகாஷை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. அதையும் மீறி வந்தால் நல்ல சீலா மீன் குழம்பு வைத்துச் சோறு போட்டு வெறுங்கையோடு அனுப்புவேன், அப்புறம் உன் கூட்டாளியை அவமானப்படுத்திவிட்டேன் என்று சொல்லாதே. ஒன்று புரிந்துகொள் ராசா. நீ பிறந்ததிலிருந்து உன்னை ஏலே ஏலே என்று கூப்பிட்ட வாய் உன் அப்பாவுடையது, நீ போன பிறகு கூப்பிட ஆளில்லாமல் மூடிக்கொண்டது. இந்த வீட்டில் நானும் அவரும் சாப்பிடுகிற சத்தம்தான் கேட்டது. இப்போது காலையில் கண் விழித்ததும் ஏலே என்கிறார், ஒருத்தன் ஓடி வருகிறான். மதுரைக்கு அனுப்பினால் ஆலியின் இன்னொரு காது தப்பும், உன் அப்பா தப்ப மாட்டார். எனக்கும் அவன் வேண்டும், அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே, மாதா உன்னை நிழலாகக் காப்பாற்றட்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைமேல் இருக்கும். அடுத்த தடவை போனில் அப்பா ஏலே என்று ஆரம்பித்தால் யோசிக்காமல் உடனே என்னப்பா என்று கேள், கொஞ்சம் தாமதித்தால் இவன் முந்திக்கொள்கிறான்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
அல்போன்சா ரோச்