பாத்திரம் கிடக்கட்டும்

ஏனுங்க,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. ஏழு மணி பஸ்ஸில் டியூட்டிக்குப் போகிறேன். ரசம் சாதம் ஹாட்பாக்ஸில், வெந்நீர் ஃப்ளாஸ்கில். குமட்டல் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாலேயே போடுங்கள். காய்ச்சல் நூறைத் தாண்டினால் உடனே போன் செய்யுங்கள். டியூட்டியில் இருப்பேனே என்று யோசிக்க வேண்டாம்.

நேற்று நான் கத்தியது தப்புதான். வார்டில் கீமோ ஏற்றிக்கொள்கிறவர்களிடம், “பச்சைத் தண்ணியில கை வெக்காதீங்க, இந்த மருந்துக்கு விரல் மரத்துப்போகும்” என்று நாள் முழுக்கப் பொறுமையாகச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்தால், அதே மருந்து ஏற்றிக்கொண்ட நீங்கள் இந்தக் குன்னூர்க் குளிரில் அத்தனை பாத்திரத்தையும் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு, டம்ளரைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். “நீ களைச்சு வருவியேன்னுதான் புள்ள” என்றீர்கள். அதைக் கேட்டதும்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. என் அசதிதான், வேறென்ன சொல்ல.

வனிதா

கம்பளிக் கையுறை தலைமாட்டில் இருக்கிறது. தாழ்ப்பாள் இரும்பு, அதைத் தொடும்போதும் போட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு ஆரிஃபா அக்கா கஞ்சி கொண்டுவந்தால் வாசலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அவர் வீட்டில் எல்லோருக்கும் சளி.

இன்னொன்று. சாயந்திரம் வந்ததும் முதலில் சிங்க்கைத்தான் பார்ப்பேன். எச்சில் தட்டு அப்படியே காய்ந்து கிடந்தால்தான் எனக்கு நிம்மதி.